கழித்த கிலோக்கள் எங்கே போகின்றன?

உடம்பு குறைக்கிறவர் என்றோர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. மெலிந்த ஆளாக இருப்பார் என்று எண்ணித் தேடாதீர்கள். அப்படித் தேடினால் ஆயுள் முழுக்கத் தேடுவீர்கள். கலியாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவுடன், இலையில் இன்னும் தண்ணீர்கூடத் தெளிக்காத நிலையில், பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாத மனிதரைப் பார்த்து, "நான் இப்பெல்லாம் சோறு எடுக்கிறதில்லைங்க" என்று அறிவிப்பவர் எவரோ அவரே. நீங்கள் கேட்கவில்லை. பந்தியில் ஒருவருமே கேட்கவில்லை. இருந்தாலும் அறிவிப்பு வரும். அதன்பின் உங்கள் இலையில் விழும் ஒவ்வொரு கரண்டிச் சோற்றையும் கண்ணால் தொடர்ந்து போய், அது சோறல்ல, சீனி என்பார். உருளைக்கிழங்கும் சீனி, பூசணிக்காயும் சீனி, ரம்புட்டானைச் சொல்லவே வேண்டாம், தோல் போர்த்திய சீனி என்று அவர் விளக்கிக்கொண்டே போகையில், அவருடைய இலையில் இருந்த ஐந்து வடைகளும் ஒவ்வொன்றாக விடைபெற்றிருக்கும். அது மட்டும் என்னவென்று கேட்டுவிட்டீர்களா? போச்சு.

"அது பருப்புங்க. புரதம்."

இந்த இனத்தில் இரண்டு கிளை உண்டு. ஒருவர் கண்டிப்புக்காரர். மற்றவர் நெகிழ்வுக்காரர்.

கண்டிப்புக்காரருக்கு உலகம் இரண்டு பட்டியல்: சாப்பிடக்கூடியது, சாப்பிடக்கூடாதது. முதல் பட்டியலை ஒரு தீப்பெட்டியின் முதுகில் எழுதி முடித்துவிடலாம், இடமும் மிஞ்சும். மணிக்கூட்டைப் பார்த்துப் பசிப்பார், மணிக்கூட்டைப் பார்த்தே பசியை நிறுத்துவார். அவர் வெள்ளரிக்காயைக் கடிக்கும் சத்தத்தைக் கேட்டால், நாம் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று நமக்கே தோன்றும். பசி அவரை மெலிய வைப்பதில்லை. நீதிமானாக்கிவிடுகிறது.

நெகிழ்வுக்காரருக்குத் தடை என்று ஒன்றுமே கிடையாது. எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு, ஒவ்வோர் அனுமதிக்கும் ஒரு காரணம் உண்டு. பாதி ரொட்டிதான் சாப்பிடுவார். அதை ஆறு தடவை சாப்பிடுவார். கித்துல் பாணியா? அந்த இனிப்புப் பாகு மரத்திலிருந்து வருவது, ஆகவே காய்கறி. ஞாயிற்றுக்கிழமை சுதந்திர நாள் என்பார். சனிக்கிழமை ஞாயிற்றுக்கிழமைக்குத் தயாராகும் நாள் என்பார். வெள்ளிக்கிழமை கோயிலில் கொடுத்த பொங்கலை வேண்டாமென்றால் சாமி என்ன நினைக்கும் என்பார். மீதி நான்கு நாளும் அவர் மிகவும் கட்டுப்பாடானவர். மழை பெய்யாவிட்டால்.

இவர்கள் இருவரும் வேறு வேறு ஆட்கள் என்று நினைத்தீர்களா? ஒரே ஆள்தான். மாதம்தான் வேறு.

இப்படிப் பொதுவாகவே பேசிக்கொண்டிருந்தால் வேறு யாரையோ சொல்கிறேன் என்று நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள். ஆகவே ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். றக்வானையில் பஸ் ஏறி, டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடிக்க, காலையில் சாப்பிட்டது ஒவ்வொரு வளைவிலும் தன்னை ஞாபகப்படுத்த, மேலே வந்து இறங்கினால் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் மேற்பிரிவில் கணக்கப்பிள்ளை அழகமுத்து. வயது ஐம்பத்தொன்று. பெண்கள் பறித்துக் கொண்டுவரும் கொழுந்தை மடுவம் என்ற நிறுவைக் கொட்டகையில் நிறுத்துச் சிட்டையில் எழுதுவது அவர் வேலை. நாள் முழுக்கத் தராசுக்குப் பக்கத்தில் நிற்கும் மனிதருக்குத் தன் எடையைப் பற்றிய கவலை வராமல் எப்படி இருக்கும்? வந்தது. வந்து பத்து வருடமாகிறது. கவலை ஒன்றும் மெலியவில்லை.

முதலில் கொல கெந்த வருடம். பச்சிலைக் கஞ்சி குடித்தால் கொழுப்பு கரையும் என்று கேள்விப்பட்டு விடியற்காலையில் ஒரு பெரிய கோப்பை குடிப்பார். கஞ்சி கசக்கும். கசப்புக்குக் கருப்பட்டி கடிக்க வேண்டும். கஞ்சி முடிவதற்குள் கருப்பட்டி முடிந்துவிடும், மீதிக் கஞ்சிக்கு இன்னொரு கருப்பட்டி, மீதிக் கருப்பட்டிக்கு இன்னொரு கோப்பைக் கஞ்சி. பிறகு கொரக்காய் வருடம். கறிக்குப் புளிப்புக்குப் போடுகிற அந்தக் கறுத்த சுளையை அவித்த தண்ணீரை மூன்று வேளையும் குடித்ததில் பல் கூசியது, சொல் கூசியது, இடுப்பு மட்டும் கூசவில்லை. அதற்குப் பிறகு கைப்பேசியில் யாரோ ஒரு வைத்தியர் சொன்னதைக் கேட்டுச் சோற்றை விட்டார். முட்டையும் தேங்காயும் மட்டும். அந்த வருடம் லயத்து வீடுகளின் கோழிகள் அவர் வரும் பாதையில் நடப்பதை நிறுத்திக்கொண்டன.

இடையில் நாட்டின் கஜானா காலியான ஒரு வருடம் வந்தது, உங்களுக்கும் நினைவிருக்கும். மாவு இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை, எல்லாவற்றுக்கும் வரிசை. லயம் லயமாக ஆட்கள் மெலிந்தார்கள். யாரும் அதற்கு டயட் என்று பெயர் வைக்கவில்லை. அழகமுத்து மட்டும் வைத்தார். "பாத்தீங்களா, கட்டுப்பாடா இருந்தா எப்பிடிக் கொறையுதுன்னு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவரை நெகிழ்வின் பக்கம் திருப்பியவர் தோட்ட ஆபீசின் பெரிய கிளாக்கர் தருமலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லியானவர், ஆகவே இந்த விஷயத்தில் பேசத் தகுதி உள்ளவர் என்று கருதப்பட்டவர்.

"கணக்கப்பிள்ளை, நீர் உடம்பை வெருட்டுறீர். வெருட்டினா அது பயத்தில கொழுப்பையெல்லாம் ஒளிச்சு வைக்கும். கொஞ்சம் விட்டுப் பிடிக்கவேணும்."

"விட்டா ஓடிறாதுங்களா?"

"எங்க ஓடும்? உம்மட வயித்திலதானே இருக்குது."

அன்று முதல் அழகமுத்து ஒரு மாதம் கண்டிப்பு, ஒரு மாதம் நெகிழ்வு என்றானார். பின்னர் ஒரு கிழமை கண்டிப்பு, ஒரு கிழமை நெகிழ்வு. கடைசியில் எந்த நாள் எது என்று காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் முடிவுசெய்வார்.

செய்துவிட்டுப் போகட்டுமே, ஒருவர் வயிறு, அவர் பாடு, உனக்கென்ன என்று கேட்பீர்கள். அங்கேதான் தராசு குறுக்கே வருகிறது.

பதினெட்டுக் கிலோ கொழுந்து கொண்டுவந்தால் அந்த நாளுக்கு முழுப்பேர், முழுச் சம்பளம். அதற்குக் குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் என்றால், காலை ஆறரையிலிருந்து அட்டையோடும் செங்குத்தோடும் மல்லாடிய ஒரு நாளில் பாதிதான் விடிந்தது என்று அர்த்தம். சாக்கின் எடைக்கும் இலையில் ஒட்டிய தண்ணீருக்கும் என்று ஒவ்வொரு சாக்கிலும் சில கிலோவைக் கழித்து எழுதுவது அந்த மலையின் வழக்கம். யார் தொடங்கியது, எந்த மழையில் தொடங்கியது, தெரியாது. மழை நின்ற பிறகும் வழக்கம் நிற்கவில்லை. பனியென்றால் பனிக்குக் கழிவு. வெயிலென்றால் வியர்வைக்குக் கழிவு. எத்தனை கிலோ கழிப்பது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அது கணக்கப்பிள்ளையின் வாயில் இருந்தது. அந்த வாய்க்குள் அன்று காலை என்ன போயிருந்தது என்பதில் இருந்தது.

இதை முதலில் கண்டுபிடித்தவர் வெள்ளையம்மா. முப்பது வருடமாகக் கொழுந்து பறிப்பவர். சாக்கை இடுப்பில் இடித்துப் பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார், தராசு அதை வழிமொழியும்.

"ஏக்கா, நேத்து ரெண்டு கழிச்ச மனுசன் இன்னைக்கி நாலு கழிக்கிறாரே" என்றாள், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமே ஆன தர்மிளா. "நேத்தவிட இன்னைக்கி மழை கொறைவுதானே?"

"மழையப் பாக்காதடி. மூஞ்சியப் பாரு. வெள்ளரிக்கா மூஞ்சி."

நெகிழ்வு நாளில் இரண்டு கிலோ. கண்டிப்பு நாளில் நாலு. ஒரு தடவை பதினாறு மணி நேர விரதத்தின் பதினைந்தாவது மணியில் மடுவத்துக்கு வந்தவர் ஐந்து கிலோ கழித்தார். கேட்டதற்கு, இலையில் பேராசை தெரிகிறது என்றார்.

பிறகு என்ன? வெள்ளையம்மா கணக்கப்பிள்ளையின் மனைவி கிருஷ்ணகுமாரியைப் போய்ப் பார்த்தார். கிருஷ்ணகுமாரிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கண்டிப்பு நாளில் வீட்டுக்குள்ளும் கழிவுதான்: சீனி டப்பா மேல் தட்டுக்குப் போகும், டீவியின் சத்தம் பாதியாகும், அவர் சிரித்தால் கணவர், "வயித்துக்கு ஒண்ணுமில்லாம ஒரு மனுசன் ஒக்காந்திருக்கான், என்னா சிரிப்பு?" என்பார். ஆக, வாட்ஸ்அப்பில் ஒரு குழு உருவானது. பெயர், "காலநிலை". உறுப்பினர், இருபத்துமூன்று கொழுந்துப் பெண்களும் கிருஷ்ணகுமாரியும். தினமும் காலை ஆறு மணிக்கு அறிவித்தல் வரும்.

"மூணு ரொட்டி, கட்டச் சம்பல். நல்ல வெயில்."

"பாண் ரெண்டு துண்டு, பருப்பு. மேகமூட்டம்."

"முட்ட ஒண்ணு. வெள்ளக்கரு மட்டும். இடி மின்னல் இருக்கு, பாத்து."

இடி மின்னல் நாளில் பெண்கள் சும்மா இருப்பார்களா? வெள்ளையம்மா ஒரு டப்பாவில் அவித்த மரவள்ளிக்கிழங்கோடு மடுவத்துப் பக்கம் வருவார். "ஐயா, திங்க வேணாங்க. உப்பு சரியான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க." உப்பை ஒரே துண்டில் எப்படிச் சொல்வது? கிழங்கின் நடுவில் ஒரு உப்பு, ஓரத்தில் ஒரு உப்பு. டப்பா முடியும்போது, உப்பு சரி என்று தீர்ப்பு வரும். அன்று இரண்டு கிலோதான் கழிவு.

ஆனால் பாருங்கள். கழிவைக் குறைப்பதற்காக அவருக்கு ஊட்டினார்கள். ஊட்டியதால் அவர் பெருத்தார். பெருத்ததால் கண்டிப்புக்குத் திரும்பினார். கண்டிப்பானதால் கழிவு கூடியது. கழிவு கூடியதால் இன்னொரு டப்பா கிழங்கு அவிந்தது. இப்படியாக ஒரு மலையின் கொழுந்து முழுவதும் ஒரு மனிதரின் வயிற்றைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

இந்த வருடம் மாசி வறட்சியில் கொழுந்து சுருங்கியது. மலையை எப்படிச் சீவினாலும் ஆளுக்குப் பத்தொன்பது, இருபது கிலோவுக்கு மேல் தேறவில்லை. கழிவு இரண்டு என்றால் எப்படியோ முழுப்பேர் கரை சேரும். நாலு என்றால் மலை முழுக்க அரைப்பேர். அந்த நேரம் பார்த்து அழகமுத்துவின் கிளினிக் கொப்பியில் டாக்டர், எண்பத்தைந்துக்குக் கீழே வர வேண்டும், வராவிட்டால் சீனி வருத்தத்துக்கு ஊசிதான் என்று எழுதிவிட்டார். மாதம் பிறந்ததும் எடையைப் பார்த்துக் கொப்பியில் குறித்து வர வேண்டுமாம். கண்டிப்பு என்றால் அப்படியொரு கண்டிப்பு தொடங்கியது.

மாதத்தின் முதல் நாள். காலநிலைக் குழுவில் கிருஷ்ணகுமாரியின் அறிவித்தல்: "சுடுதண்ணி. வேற ஒண்ணுமில்ல. எல்லாரும் கதவச் சாத்திக்கங்க."

மாலை நான்கு மணிக்கு மடுவத்தில் வரிசை. தராசின் சிவப்பு எண்கள் வெள்ளையம்மாவின் சாக்குக்கு இருபது என்று காட்டின.

"பதினாறு" என்றார் அழகமுத்து. "அரப்பேர்."

"ஐயா, மழை பேஞ்சு மூணு வாரமாச்சுங்க. எந்தத் தண்ணிக்கு நாலு?"

"காத்துல ஈரம் இருக்கு. ஒனக்குத் தெரியாது."

"டப்பால கெழங்கு இருக்குங்க, உப்பு மட்டும்..."

"அந்தப் பக்கம் கொண்டு போ!" என்று அலறினார். கிழங்கின் மணத்துக்கே அவர் கண் கலங்கியிருந்தது. வரிசையில் நின்ற இருபத்துமூன்று பேருக்கும் நாலு, நாலு, நாலு. இருபத்துமூன்று அரைப்பேர்.

எல்லோருடையதையும் நிறுத்து முடிந்ததும் அவருடைய முறை. தோட்ட டிஸ்பென்சரியில் ஏறி நிற்கும் தராசு எப்போதோ செத்துவிட்டதால், மாதாமாதம் கொழுந்துத் தராசிலேயே தன்னை நிறுத்துக்கொள்வார். ஒரு சாக்கை ஊஞ்சலாக மடித்துக் கொக்கியில் மாட்டி, அதில் உட்கார்ந்து காலைத் தூக்குவார். பார்க்க வேண்டிய காட்சி. மெல்லச் சுழல்வார். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மலையைப் பார்த்துக்கொண்டு, சிவப்பு எண் நிலைகொள்ளும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருப்பார், மூச்சுக்கும் எடை உண்டு என்ற சந்தேகத்தில்.

தொண்ணூற்றிரண்டு.

இறங்கினார். கிளினிக் கொப்பியை விரித்தார். எல்லோரும் பார்க்கத்தான் கழித்தார், ஏனென்றால் அதில் ஒளிக்க வேண்டியது ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. இருபத்தாறு வருடமாகச் செய்துவரும் வேலை. கை தானாகவே செய்தது.

"காலுச் சப்பாத்து ஒண்ணு. களிசானும் பெல்ட்டும் ஒண்ணு. வேர்வ ரெண்டு. குடிச்ச சுடுதண்ணி ரெண்டு. காத்துல ஈரம் ரெண்டு." பேனையை மூடினார். "எம்பத்தி நாலு. பாத்தீங்களா? கட்டுப்பாடுன்னா இது."

வெள்ளையம்மா போகாமல் நின்றார்.

"ஐயா, அந்த எட்டுக் கிலோ இப்ப எங்கங்க?"

"எந்த எட்டு?"

"இப்பக் கழிச்சீங்களே."

"எங்கயும் இல்ல. கழிச்சாச்சு."

"கழிச்சா இல்லாமப் போயிருமாங்க?"

அழகமுத்து சற்று நிமிர்ந்தார். வெறும் வயிற்றில் மூளை கூர்மையாகும் என்று கைப்பேசி வைத்தியர் சொல்லியிருந்தார். "கழிச்சது கணக்குல இல்ல. கணக்குல இல்லாதது இல்லவே இல்ல. விளங்குதா?"

"நல்லா விளங்குதுங்க" என்றார் வெள்ளையம்மா.

தன் சாக்கைத் தூக்கிப் போய்த் தராசுக் கொக்கியில் திரும்ப மாட்டினார். வாயை அவிழ்த்தார். கொழுந்தைக் கையால் அள்ளி அள்ளி மடுவத்துத் தரையில் போட்டார். சிவப்பு எண் பத்தொன்பதானது, பதினெட்டானது, பதினேழானது. பதினாறில் கையை உதறிவிட்டுச் சாக்கைக் கட்டினார்.

"இப்ப ஒங்க சிட்டையும் எஞ் சாக்கும் ஒண்ணுங்க. கீழ கெடக்குறது இல்லாத கொழுந்து. அடியே தர்மிளா, பாத்து நட. இல்லாதது தடுக்கி விழுந்துறாத."

தர்மிளா சாக்கோடு வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். ஒவ்வொரு சாக்கும் கொக்கியில் ஏறியது, சிட்டையில் உள்ள எண் வரும்வரை இளைத்தது, இறங்கியது. சாக்குகளுக்கு இவ்வளவு விரைவாக உடம்பு குறைந்ததை அழகமுத்து வாழ்நாளில் கண்டதில்லை. தரையில் பச்சைக் குவியல் முழங்கால் வந்தது, இடுப்பு வந்தது.

தர்மிளா கைப்பேசியில் பெருக்கினாள். "அக்கா, இருவத்திமூணு நாலு எத்தன தெரியுமா? தொண்ணூத்திரெண்டு."

இருபத்துமூன்று பேரும் குவியலைப் பார்த்தார்கள். பிறகு திரும்பிக் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார்கள். பிறகு திரும்பக் குவியலை.

"எங்க கிலோவெல்லாம் எங்க போச்சுன்னு இத்தன நாளாத் தேடுனோமேடி" என்றார் வெள்ளையம்மா. "இந்தா நிக்கிது, சப்பாத்துப் போட்டுக்கிட்டு."

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் லொறி வந்தது. ஓட்டுபவர் ஹஸீப், மாவனல்லைக்காரர், தினமும் கொழுந்தை ஃபெக்டரிக்குக் கொண்டு போகிறவர். இறங்கியவர் குவியலைப் பார்த்து நின்றார்.

"இது என்னத்த கீழ கொட்டி வெச்சீக்கிற?"

"அது இல்லாத கொழுந்து நானா" என்றாள் தர்மிளா.

"இல்லாததா? எனக்குக் கண்ணால தெரியிதே."

"ஒங்களுக்குக் கணக்குத் தெரியாது நானா. ஐயாகிட்டக் கேளுங்க."

ஹஸீப் சிட்டையை வாங்கிக் கூட்டிப் பார்த்தார். "கணக்கப்புள்ள, முன்னூத்தம்பத்தாறுதான் ஈக்கி. நானூறு இல்லாட்டி இண்டைக்கி மெஷின் போடுறல்ல எண்டு சொல்லித்தான் என்ன அனுப்பினாங்க. கீழ ஈக்கியதையும் ஏத்துங்க."

"ஏத்துங்க, ஏத்துங்க" என்றார் அழகமுத்து அவசரமாக.

"யார்ட பேர்ல?"

"சும்மா ஏத்துங்க ஹஸீப்."

"சும்மா ஏத்தினா வழியில மறிச்சிக் களவுக் கொழுந்து எண்டு என்னத்தான் புடிப்பாங்க. சாக்குக்குள்ள மறஞ்சி போனா எனக்குத் தெரியாது, கண்ணால கண்டபொறகு சிட்டையில இல்லாத சாமான் லொறியில ஏறாது."

அழகமுத்து குவியலுக்குப் பக்கத்தில் குந்தினார். உள்ளே கையை விட்டுப் பார்த்தார். குவித்த கொழுந்து சூடேறும், சூடேறினால் சிவந்து கெட்டுப்போகும். எந்தக் கணக்கப்பிள்ளைக்கும் அது தெரியும். இளஞ்சூடாக இருந்தது, காய்ச்சல் தொடங்கும் உடம்பைப் போல. இல்லாத ஒன்றுக்குக் காய்ச்சல் வருமா? காலையிலிருந்து வெறும் சுடுதண்ணீர் குடித்திருந்த மனிதருக்கு அந்தக் கேள்வி தாங்கவில்லை. மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"வெள்ளையம்மா... அந்தக் கெழங்கு இருக்கா?"

"இருக்குங்க. மொதல்ல சிட்ட."

"ஒரு துண்டு குடு, எழுதுறேன்."

"இல்லங்க. எழுதுங்க, அப்பறம் தாறேன். கெழங்கு திங்கக் குடுத்து எழுத வச்சாங்கன்னு நாளைக்கி வரக்கூடாது. இத்தன வருசமா அப்பிடித்தான் நடந்துச்சு, இன்னைக்கி வேணாம்."

அழகமுத்து பேனையைத் திறந்தார், திரும்ப மூடினார்.

"சாக்குக்கு அரக் கிலோ கழிச்சுக்கங்க" என்றார் வெள்ளையம்மா. "சாக்குக்கு எட இருக்கு, அது ஞாயம். காத்துக்குக் கழிக்காதீங்க. காத்த நாங்க பறிக்கல."

ஹஸீப் லொறியின் ஹோர்னை ஒரு முறை அடித்தார். அழகமுத்து எழுதினார். பதினாறை வெட்டிப் பத்தொன்பதரை. பதினைந்தை வெட்டிப் பதினெட்டரை. ஒவ்வொரு வெட்டுக்கும் பக்கத்தில் கையெழுத்து, ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு பெருமூச்சு. இருபத்துமூன்று முழுப்பேர். குவியல் சாக்குக்குத் திரும்பியது, சாக்குகள் லொறிக்குப் போயின, கிழங்கு டப்பா கணக்கப்பிள்ளையின் மடிக்குப் போனது. உப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வாய் நிறையக் கிழங்கோடு, கிளினிக் கொப்பியை மட்டும் இன்னொரு கையால் மூடிப் பிடித்துக்கொண்டார். "கொழுந்து வேற, ஒடம்பு வேற. என்னோடது எம்பத்தி நாலுதான்."

"இருக்கட்டுங்க" என்றார் வெள்ளையம்மா. "ஒங்கள யாரு லொறியில ஏத்தப் போறா?"

இப்போது அந்த மடுவத்தில் முதலில் வெறும் சாக்கை நிறுத்துக் காட்டிவிட்டுத்தான் கொழுந்தை நிறுக்கிறார்கள். அழகமுத்து தன் டயட்டைத் தொடர்கிறார். அவருக்கு நேர்ந்த உண்மையான அடி வேறு. அவர் என்ன சாப்பிட்டார் என்பது யாருக்கும் தேவைப்படவில்லை. "இன்னைக்கி வெள்ளரிக்கா மட்டுந்தான்" என்று மடுவத்தில் நின்று சொல்வார். பெண்கள், அப்படியா என்பார்கள், சாக்கை நீட்டுவார்கள். உடம்பு குறைக்கிற ஒருவருக்குப் பசியைத் தாங்கிக்கொள்ள முடியும். கேட்பார் இல்லாத பசியை எப்படித் தாங்குவார்?

நீங்கள் சிரித்தீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போன முறை பார்மசி வாசலில் தராசில் ஏறியபோது செருப்பைக் கழற்றினீர்கள். சரி. கைப்பேசியையும் பர்ஸையும் எடுத்துக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தீர்கள். அதுவும் சரி. எண்ணைப் பார்த்தபின், "வரும்போதுதான் தேத்தண்ணி குடிச்சேன்" என்று யாரிடம் சொன்னீர்கள்? பக்கத்தில் யாருமே இல்லையே. கடைப் பையனுக்குக்கூட அது தேவையில்லை.

அதையும் விட்டுவிடலாம், உங்கள் கிலோ, உங்கள் பாடு. ஆனால் வீட்டில் சோறு நிறுத்திய மூன்றாம் நாள், ஒருவர் கதவோரம் நின்று, குரலைத் தாழ்த்தி, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், அதை அன்பு என்று எடுத்துக்கொண்டு கண்கலங்கி விடாதீர்கள். இன்றைக்குக் கழிவு எத்தனை என்று கேட்கிறார்கள்.